கடுகு தெரிகிற மேடை

புளிக்கும் கோட்டா கல்லுக்கும் ஆகாது. தில்லியில் குடித்தனம் நடத்தும் தமிழர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. புளி கரைத்த பாத்திரத்தைச் சமையல் மேடையில் வைத்து எடுத்தால் மறுநாள் அந்த இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று இருக்கும். எலுமிச்சம்பழம் நறுக்கிய இடம், மோர் சிந்திய இடம், ரசம் பொங்கி வழிந்த இடம் என்று ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் மறையாது. காரணம் எளிது. அது கறை அல்ல, கல்லே கரைந்த தடம்.

ராஜஸ்தானில் கோட்டா, ஜாலாவாட் மாவட்டங்களில் வெட்டி எடுக்கப்படும் இந்தக் கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. கால்சியம் கார்பனேட்தான் அதன் உடம்பு. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், மோரில் லாக்டிக் அமிலம். மூன்றுமே கல்லின் மேல்தோலை மெல்ல அரிக்கும். ஊரில் அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த கடப்பா கல்லும் இதே ஜாதிதான். மேடையை 'பளிச்' என்று ஆக்குகிறேன் பேர்வழி என்று கழிப்பறை ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பவர்கள் உண்டு. ரசம் பத்து வருடத்தில் செய்வதை ஆசிட் பத்து நிமிடத்தில் செய்துவிடும்.

ஆனாலும் தில்லியின் பழைய குடியிருப்புகளில் எங்கு திரும்பினாலும் கோட்டா கல்தான். படிக்கட்டில், பால்கனியில், சமையலறையில். விலை குறைவு, உழைப்பு அதிகம். தமிழில் நாம் மேடை என்பதை தில்லியில் 'ஸ்லாப்' என்பார்கள். புதிதாக இருக்கும்போது பச்சை கலந்த சாம்பல் நிறம். முப்பது வருடத் தாளிப்பு எண்ணெயைக் குடித்த பிறகு ஏறக்குறையக் கறுப்பு.

மயூர் விஹார் முதல் பகுதியில், டி.டி.ஏ. கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்த மேடையும் அப்படித்தான் கறுத்துப்போயிருந்தது. வீட்டுக்காரருக்கு 2023-ல் வயது 74. அவர் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். டி.டி.ஏ. 1979-ல் அறிவித்த புதுப் பதிவுத் திட்டத்தில் பணம் கட்டிவிட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போல வருடக்கணக்கில் காத்திருந்தவர். குலுக்கலில் பெயர் வந்து இந்த வீட்டுக்குக் குடிவந்தது 1989-ல். கணவர் காலமாகிவிட்டார். மகன் பெங்களூரில், மகள் சென்னையில். அம்மாள் மட்டும் தில்லியில்.

பத்தடி நீளம், இரண்டடி அகலம். இடது ஓரத்தில் கேஸ் அடுப்பு, வலது ஓரத்தில் பாத்திரம் தேய்க்கும் தொட்டி, நடுவில் வேலை பார்க்கும் இடம். இந்த மேடைக்கு முன்னால் நின்றுதான் அவர் முப்பத்துநான்கு வருடம் சமைத்திருக்கிறார். "கண்ணை மூடிக்கிட்டுச் சமைப்பேன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன். அந்த வாய் முகூர்த்தம்தான்" என்கிறார் சிரித்தபடி.

சிரிப்புக்குப் பின்னால் விஷயம் இருந்தது. விழித்திரையின் நடுப்பகுதி வயதால் நைந்துபோகும் நோய் அவருக்கு. கண்புரை என்றால் அறுவைச் சிகிச்சை செய்து லென்ஸ் வைத்துவிடலாம். இவருக்கு வந்திருப்பது 'உலர்' வகை. இழந்த பார்வையை மீட்டுத்தரும் அறுவைச் சிகிச்சை இதற்குக் கிடையாது. ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பது மங்கும். முக்கியமாக, ஒரு நிறத்தை அதை ஒட்டிய இன்னொரு நிறத்திலிருந்து பிரித்தறிகிற சக்தி குறைந்துகொண்டே போகும்.

கறுத்த மேடையில் கடுகு தெரியாது. மிளகு தெரியாது. உளுந்தில் கிடக்கிற கல் தெரியாது. கறுப்புப் பிடி போட்ட கத்தி எங்கே வைத்தோம் என்று தெரியாது. சிந்திய தண்ணீர் தெரியாது, அந்தத் தண்ணீர் சொட்டி நனைந்த தரையும் தெரியாது. ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்பு வாணலி மேடையின் நிறத்தோடு கலந்துவிட, அதன்மேல் கையை ஊன்றிவிட்டார். உள்ளங்கை கொப்பளித்தது.

பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. தீபாவளிக்கு வந்த மகனும் மகளும் பேசி முடிவெடுத்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் பெங்களூர், ஆறு மாதம் சென்னை. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த அடுப்படி? உட்கார்ந்து சாப்பிடேன்" என்றாள் மகள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்து சாப்பிடுவது ஓய்வா, தண்டனையா என்பது உட்கார வைக்கப்படுபவருக்குத்தான் தெரியும். அம்மாள் மூன்று மாதத் தவணை கேட்டார்.

கண் மருத்துவமனையில் குறைபார்வைப் பிரிவு என்று ஒன்று உண்டு. மருந்தால் ஆகாததை வெளிச்சத்தாலும் நிறத்தாலும் சமாளிக்கச் சொல்லித்தரும் இடம். அங்கே கிடைத்த ஆலோசனை இரண்டே வரி. கறுத்த பொருளை வெளிர் நிறத்தின் மேல் வையுங்கள், வெளுத்த பொருளைக் கறுப்பின் மேல் வையுங்கள். எதுவும் பளபளக்க வேண்டாம், கண் கூசும். வீடு திரும்பிய அம்மாள் மேடையை வெளுப்பாக்க என்ன வழி என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

கல்லை உடைத்துவிட்டு வெளிர் நிற கிரானைட் போடலாம் என்றான் மகன். கிரானைட் நல்ல கல்தான், புளிக்குப் பயப்படாது. ஆனால் பழைய மேடையை உடைப்பது என்றால் அது மேடையோடு நிற்பதில்லை. தொட்டி, குழாய், சுவரோடு ஒட்டிய டைல்ஸ், கீழே சிலிண்டர் அலமாரி எல்லாம் பெயரும். இடிந்ததை மூட்டை கட்டி இரண்டு மாடி இறக்க வேண்டும். "வீட்டைப் பூட்டப் போறேன்னு சொல்ற. அதுக்கு எதுக்குடா கிரானைட்?" என்று கேட்டார் அம்மாள். மகனிடம் பதில் இல்லை.

சென்னை மகள் அனுப்பிய யோசனை வேறு மாதிரி. கல்லை எடுக்க வேண்டாம், அதன் மேலேயே எபாக்ஸி பூச்சு ஒன்றைப் பூசிவிடலாம். அமெரிக்காவில் இது சகஜமாக நடக்கிறது. அங்கே பல வீடுகளில் சமையல் மேடை கல் அல்ல. பலகை மேல் ஒட்டிய லாமினேட் தகடு. ஃபார்மைகா என்று நாம் சொல்வதுதான். லாமினேட் மேல்தோல் தேய்ந்தால் அதைத் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது, அடியில் பலகை தெரிந்துவிடும். மாற்ற வேண்டும், அல்லது மேலே ஏதாவது பூச வேண்டும். மாற்றப் பணமில்லாதவர்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் பூச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கென்றே டப்பாக்கள் கடைக்கு வந்தன.

எபாக்ஸி நமக்குப் புதியதல்ல. உடைந்த பொம்மையை ஒட்ட இரண்டு குழாய்களைப் பிதுக்கிக் கலந்தோமே அந்த அரால்டைட், ஒழுகும் குழாயில் பிசைந்து அப்பினோமே அந்த எம்-சீல், இரண்டும் எபாக்ஸிதான். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஸ்விட்சர்லாந்தின் பியர் காஸ்டான் 1930-களில் தேடியது பல் மருத்துவத்துக்கு உதவும் ஒரு பொருளை. கிடைத்தது உலகத்தையே ஒட்டும் பசை. ஒரு டப்பாவில் பிசின், இன்னொன்றில் அதை இறுகவைக்கும் திரவம். இரண்டும் கலந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இறுகிய பிறகு அது திரும்ப உருகித் திரவமாகாத ஒரே தோல். புளியும் எலுமிச்சையும் அதைச் சீக்கிரம் அசைக்க முடியாது.

மிஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடமாகக் கல் வேலை பார்ப்பவர், பிகார் மாநிலம் மதுபனிக்காரர். மேடையைத் தட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "கல்லுக்குப் போய் பெயின்ட் அடிப்பார்களா, மாதாஜி? இரண்டு நாள் 'கிஸாயி' போட்டால் உள்ளே இருக்கிற கல் வெளியே வரும். முகம் பார்க்கலாம்" என்றார். கிஸாயி என்பது சாணைக் கல் பூட்டிய மெஷினால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. சொரசொரப்பான சாணையில் தொடங்கி நைசான சாணையில் முடிப்பார்கள்.

மிஸ்திரி சொன்னதில் நியாயம் இருந்தது. பூச்சு என்பது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள முடியாத பொருளுக்கு வைத்தியம். லாமினேட்டுக்கு அடியில் வேறு லாமினேட் இல்லை. கல்லுக்கு அடியில் கல்தான் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தேய்த்தால் புளித் தடமெல்லாம் போய்விடும். முழுக் கல்லை வைத்துக்கொண்டு மேலே ஒரு படலத்தைப் பூசுவது கல் தெரிந்தவர் கண்ணுக்கு அபத்தம்.

அம்மாளின் கேள்வி வேறு. "தேச்சா வெள்ளையாகுமா, பையா?"

ஆகாது. பளபளக்கும், ஆனால் கோட்டா கல் கோட்டா கல் நிறத்தில்தான் இருக்கும்.

"அப்ப எனக்குக் கடுகு தெரியாது."

மிஸ்திரி கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாள் கண்ணைப் பற்றி. அது புரிந்ததும் மிஸ்திரி வாதத்தை நிறுத்திவிட்டார். வேலையும் இரண்டாகப் பிரிந்தது. அடுப்பும் அதை ஒட்டிய இரண்டடியும் கல்லாகவே இருக்கட்டும், அங்கே கிஸாயி. நடுவில் மூன்றரை அடிக்கு வெளிர் பூச்சு. தொட்டியை ஒட்டிய பகுதியும் கல்தான். எப்போதும் தண்ணீர் நிற்கிற இடத்தில் பூச்சின் விளிம்பு தூக்கிக்கொள்ளும்.

அடுப்புப் பக்கம் பூசாததற்குக் காரணம் சூடு. சாதாரண எபாக்ஸி பூச்சு 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும். பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரி. இறக்கிய குக்கரை நேராகப் பூச்சின் மேல் வைத்தால் வட்டமாகத் தழும்பு விழும், சில சமயம் பூச்சே குக்கரோடு வந்துவிடும். கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. சூடானது எல்லாம் கல்லுக்கு, நறுக்குவது பொறுக்குவதெல்லாம் பூச்சுக்கு என்று ஆனது.

பருவமும் பார்க்க வேண்டியிருந்தது. தில்லி ஜனவரியில் இந்தக் கலவை சரியாக இறுகாது. மே, ஜூனில் கலந்த டப்பாவிலேயே இறுகிவிடும், போதாததற்கு 'ஆந்தி' என்கிற புழுதிப் புயல் வேறு. ஈரமான பூச்சின் மேல் யமுனைக் கரை மணல் வந்து படிந்தால் அவ்வளவுதான். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் பூச்சை மங்க அடிக்கும். மார்ச் அல்லது அக்டோபர்தான் தோது. 2023 மார்ச்சில் ஹோலி முடிந்த மறு வாரம் வேலை தொடங்கியது.

பூசுவது அரை மணி வேலை. அதற்கு முந்தைய வேலைதான் மூன்று நாள். சலவை சோடா கரைத்த வெந்நீரால் திரும்பத் திரும்பக் கழுவி எண்ணெயை எடுத்தார்கள். எண்ணெய் போனதா என்று பார்க்கச் சுலபமான சோதனை இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது பரவ வேண்டும். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. முதல் நாள் முத்து, இரண்டாம் நாளும் முத்து. முப்பத்துநான்கு வருடத் தாளிப்பு லேசில் போகுமா? மூன்றாம் நாள்தான் சொட்டு பரவியது. பிறகு உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, விரிசலில் எம்-சீல் அடைத்து, இரண்டு நாள் காயவிட்டார்கள். கல்லுக்குள் ஈரம் இருந்தால் அது பின்னாளில் பூச்சைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும்.

இடையில் மிஸ்திரி ஒரு சிக்கனம் சொன்னார். வேறு வீட்டில் மீந்த வெள்ளை எனாமல் பெயின்ட் கைவசம் இருக்கிறது, பெயின்ட் பெயின்ட்தானே? அம்மாள் சம்மதிக்கவில்லை. எனாமல் கதவு ஜன்னலுக்கு. தினமும் தேய்த்துக் கழுவும் மேடையில் அது செதில் செதிலாக உரிந்து கறிகாயோடு கலக்கும். தவிர, வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். எப்போது வாங்கியது என்று தெரியாத டப்பாவை யார் நம்புவது?

நிறம் தேர்ந்தெடுப்பதில் கடைக்காரர் சுத்த வெள்ளையைக் காட்டினார். வேண்டாம் என்றார் அம்மாள். வெள்ளை கூசும். கடைசியில் எடுத்தது லேசாக மஞ்சளோடிய மோர் நிறம், பளபளப்பில்லாத ரகம். கிஸாயி போட்ட மிஸ்திரிக்கும் அதே நிபந்தனை. முகம் பார்க்கிற பளபளப்பு வரும் முன்பே மெஷினை நிறுத்தச் சொன்னார். முப்பது வருடமாகப் பளபளப்புக்காகவே கூலி வாங்கியவர் அன்றைக்கு மனசில்லாமல் மெஷினை அணைத்தார்.

இரண்டு டப்பாவையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் கலந்தார்கள். கண் மதிப்பில் கலந்தால் சில இடம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கையில் உறை, மூக்கில் முகமூடி, ஜன்னல் திறப்பு, எக்ஸாஸ்ட் விசிறி. முதல் பூச்சு மெலிதாக ரோலரில். மறுநாள் லேசாக உப்புத்தாள் ஓட்டி இரண்டாவது பூச்சு. நெடி அடங்கும்வரை அம்மாள் எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியின் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாள் போதும். முழுக்க இறுக ஏழு நாள். அந்த ஏழு நாளும் கல் பக்கத்திலேயே சமையல். பூச்சின் மேல் ஒரு கரண்டிகூட வைக்கவில்லை.

எட்டாம் நாள் காலை, மோர் நிறத்தின் மேல் ஒரு கைப்பிடி கடுகைப் பரப்பினார். ஒவ்வொன்றும் தெரிந்தது. மிளகு தெரிந்தது. கறிவேப்பிலை, வெந்தயம், கறுப்புப் பிடி கத்தி, எல்லாம் தெரிந்தன. இரண்டாவது நன்மை எதிர்பாராதது. வெளுத்த பொருள்களுக்குக் கறுத்த கல் பக்கத்திலேயே இருந்தது. அரிசி பொறுக்குவதும் தேங்காய் துருவுவதும் பூண்டு உரிப்பதும் அங்கே. குறைபார்வைப் பிரிவில் சொன்ன இரண்டு வரியும் ஒரே மேடையில் கிடைத்துவிட்டது. இரண்டு நிறமும் சேருகிற கோடும் அவருக்கு வழிகாட்டி. கோட்டுக்கு இடப்பக்கம் சூடு, கை ஊன்றக்கூடாது. மீந்த எம்-சீலை அடுப்பின் திருகிகளில் சிறு பொட்டாக ஒட்டிவைத்தார். பொட்டு மேலே இருந்தால் அடுப்பு அணைந்திருக்கிறது, விரலுக்கே தெரியும்.

மகள் மே மாதம் வந்தாள். ஒரு வாரம் கூடவே நின்று பார்த்தாள். அதன் பிறகு பெங்களூர், சென்னைப் பேச்சு நின்றுபோகவில்லை, தள்ளிப்போயிற்று. நிபந்தனைகள் உண்டு. இருட்டிய பிறகு எண்ணெய் காய வைப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு ஒரு பெண் வருவாள். கண் பரிசோதனை முடிவு எதுவானாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மாள் ஒப்புக்கொண்டார். "மூணாவதுதான் கஷ்டம்" என்கிறார்.

பூச்சு கல்லாகிவிடவில்லை. இரண்டரை வருடத்தில் நறுக்கிய இடத்தில் கத்திக் கீறல்கள் விழுந்திருக்கின்றன. பலகை வைக்காமல் நறுக்கினால் விழத்தான் செய்யும். கிழக்கு ஜன்னல் வெயில் படும் ஓரம் மஞ்சளாகிவிட்டது. வெயில் எபாக்ஸிக்கு எதிரி. விடுமுறைக்கு வந்த பேரன் பாசத்தோடு குக்கரை இறக்கி வைத்ததில் ஒரு வளையத் தழும்பு. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசியதில் திட்டுப் போல நிற வித்தியாசம் தெரிகிறது. சப்பாத்தி மாவை அவர் பூச்சின் மேல் நேராக உருட்டுவதில்லை, பலகை போட்டுத்தான். பக்கத்துக் கல்லிலோ புளித் தடங்கள் மறுபடி வர ஆரம்பித்துவிட்டன.

அவரைப் பார்த்துவிட்டு அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் மேடை முழுவதும் பூசலாமா என்று கேட்டு வந்தார்கள். வேண்டாம் என்றார். "உங்க கண்ணு நல்லா இருக்கு. கல்லைத் தேய்ச்சுக்குங்க, பத்து வருஷம் வரும்." மிஸ்திரிக்கு இதைக் கேட்டதில் பரம சந்தோஷம். அழகுக்காக யாராவது கேட்டால் அவர் இன்றும் பூச்சு வேண்டாம் என்றுதான் சொல்கிறார். வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் மட்டும், கடுகு தெரிகிறதா என்று கேட்கிறார்.

கடைசிப் பரிசோதனையில் இடது கண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மறைக்காமல் இரண்டு பிள்ளைகளுக்கும் அன்றே போன் போட்டுச் சொல்லிவிட்டார். மேடையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது இப்போது சாயங்கால வெளிச்சத்தில் சரியாகப் பிடிபடுவதில்லை. வரும் மார்ச்சில் அடுத்த பூச்சு. மிஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது. இந்த முறை முன் விளிம்பு நெடுக இரண்டு அங்குல அகலத்துக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பட்டை வேண்டுமாம்.